மார்கரெட் சொல்லித் தந்த ஊர்

புதுடெல்லி
20-1-1997

அன்புத் தங்கை சகுந்தலாவுக்கு,

அண்ணன் ஜானகிராமன் எழுதுவது. நானும் உன் அண்ணி வேண்டாவும் டெல்லிக் குளிரில் போர்வைக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். மாப்பிள்ளை கோதண்டராமனுக்கு சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது? கல்பாக்கம் கேன்டீனில் ஜாங்கிரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல். பொங்கலுக்கு வந்தும் உன்னோடு உட்கார்ந்து பேசாமல் ஓடிவந்தது குறையாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு வீட்டில் நான் மனு வாங்கியபோது மார்கரெட் வந்தாள். அதுதான், உன் வீட்டுப் பின்கட்டில் மெஷின் போட்டு மாமல்லபுரம் கடைகளுக்குத் துணி தைக்கிறாளே, அகதி முகாம் மார்கரெட். தொண்ணூறில் மன்னாரில் படகு ஏறும்போது கைவிட்டுப் போன மகன் மரியநேசன் செத்துவிட்டான் என்று அவள் பூசை வைத்து அழுது முடித்தவள். அவன் உயிரோடு இருக்கிறானாம். சுவிஸ் நாட்டில் தடுப்புக் காவலில் இருக்கிறான். செஞ்சிலுவை மூலம் கடிதம் வந்திருக்கிறது.

ஆனால் அவனை மரியநேசன் என்று அங்கே நம்பவில்லை. அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே தாய் தகப்பன் பெயர் சொல்லி, சான்றிதழும் காட்டி ஒருவன் தொண்ணூற்று நாலிலேயே அகதியாகப் பதிந்துவிட்டானாம். அதனால் இவனைப் போலி என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அங்கே இறங்கினால் பிள்ளையின் கதி என்ன என்று உனக்குத் தெரியும்.

முகாம் கொட்டகை ஒழுகுகிறதென்று மகனுடைய பிறப்புச் சான்றிதழையும் ஞானஸ்நானச் சீட்டையும் உன் பீரோவில் கொடுத்து வைத்திருப்பதாக மார்கரெட் சொன்னாள். அசல் உன்னிடம் இருக்கிறதென்றால் அங்கே காட்டியது போலி. எடுத்து உடனே பதிவுத் தபாலில் அனுப்பு. மார்ச்சில் ஜெனீவாவில் மனித உரிமைக் கூட்டம். என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

துபாயில் நம் இனியன் எப்படி இருக்கிறான்? தாய்மாமனுக்கு ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா அவனுக்கு?

ஆசிகளுடன்,
ஜானகிராமன்


சதுரங்கப்பட்டினம்
11-2-1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

சகுந்தலா வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு சர்க்கரை இருநூற்றுப் பத்து. ஜாங்கிரியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம், வாய் மட்டும் திரும்பவில்லை.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடித்ததில் சாமானெல்லாம் இடம் மாறி, பீரோச் சாவி எங்கே போனதென்று தெரியவில்லை. கிடைத்ததும் பார்க்கிறேன். பழைய காகிதம், இருக்கிறதோ இல்லையோ.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உலகத்தில் இருக்கிற அகதி வழக்கெல்லாம் உன் தலையில்தானா? சட்டசபையில் இருந்தபோதும் இதே பாட்டு, மாநிலங்களவைக்குப் போயும் இதே பாட்டு. இரத்தக் கொதிப்பு உனக்கா சுவிஸ்காரனுக்கா? இந்த ஒரு வழக்கை வேறு யாராவது பார்க்கட்டுமே.

இனியன் சுகமாக இருக்கிறான். வேலை அதிகம் என்கிறான்.

அண்ணிக்கு என் அன்பு.
சகுந்தலா


புதுடெல்லி
18-2-1997

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. சாவி கிடைக்காவிட்டால் பீரோவை உடை. புதுப் பீரோ என் பொறுப்பு. ஒரு தாய் ஏழு வருஷம் கழித்துப் பிள்ளையைத் திரும்பப் பெறப் போகிறாள், நீ வெள்ளை அடித்த கதை சொல்கிறாய். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று நான் மேடைக்கு மேடை சொல்வதை வீட்டில் நீயாவது கேட்கக் கூடாதா?

ஜெனீவாவுக்கு மார்ச் பதினைந்தில் கிளம்புகிறேன். அதற்குள் வேண்டும்.

ஜானகிராமன்


சதுரங்கப்பட்டினம்
4-3-1997

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். பீரோவைத் திறந்து பார்த்தேன். அந்தக் காகிதங்கள் இல்லை. கரையான் அரித்துவிட்டது. மார்கரெட்டிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கோபிக்கவில்லை. "உங்கட வீட்டிலையும் கரையானோ அக்கா" என்று கேட்டுவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சகுந்தலா


ஜெனீவா
28-3-1997

அன்புத் தங்கைக்கு,

கூட்டத்துக்கு நடுவே எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. இங்கே தயிர் கிடைக்கிறது, சாதம்தான் கிடைக்கவில்லை. இரும்புப் பீரோவுக்குள் கரையான் நுழைந்த அதிசயத்தைப் பற்றி ஊருக்கு வந்து உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

மரியநேசனைப் பார்த்தேன். இருபத்துமூன்று வயது, நாற்பது சொல்லலாம். இலங்கையில் பிடித்து வைத்திருந்தவர்கள் தலையில் அடித்ததில் இடது காது கேட்கவில்லை. நான் தமிழில் பேசியதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அம்மா இன்னும் தைக்கிறவவோ ஐயா" என்று கேட்டான். நான் ஆயிரம் கூட்டத்தில் பேசியவன். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏன் இவனை நம்பவில்லை தெரியுமா? விசாரணையில் ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கோயிலுக்கு எத்தனை வாசல் என்றால் இரண்டு என்கிறான், பிறகு மூன்று என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்துவிட்டது. பதினாறு வயதில் பிரிந்து, அடிபட்ட பிள்ளை, வேறென்ன சொல்வான்? ஆனால் அந்த முதல் ஆள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மூன்று வாசல், மேற்கு வாசலை நாவல் மரம் விழுந்த வருஷத்திலிருந்து பூட்டியே வைத்திருக்கிறார்கள், அம்மா திரளிமீன் குழம்புக்குப் புளி போடமாட்டாள், மாங்காய்தான் போடுவாள், படகில் ஏறும்போது அம்மா கையில் ஒரு தையல் கத்தரிக்கோல் இருந்தது என்பது வரைக்கும். சொல்லிவிட்டு அழுதானாம். மொழிபெயர்த்தவரும் அழுதார் என்று குறிப்பிலேயே இருக்கிறது.

யார் அவன்? அந்த ஊர்க்காரன் எவனோ கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். அடுத்த மாதம் நடுவில் அவன் படத்தைக் காட்டுவதாக, மரியநேசன் வழக்கை நடத்தும் வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். சந்திக்கு இழுக்காமல் நான் இந்த ஊரை விட்டு நகரமாட்டேன்.

ஜானகிராமன்


சதுரங்கப்பட்டினம்
7-4-1997

அண்ணா,

நலம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை. அந்தப் படத்தை நீ பார்ப்பதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த முதல் ஆள் உன் மருமகன். நம் இனியன்.

அவன் துபாய் போகவே இல்லை. டிப்ளமோ முடித்து நாலு வருஷம் சும்மா திரிந்தவனை ஒரு ஏஜென்ட் பிடித்தான். "சிலோன்காரன்னு சொன்னாத்தான் அங்க நிக்க முடியும்" என்று சொல்லிக் கொடுத்தான். இவன் வந்து என்னிடம், "யம்மா, அந்தப் புள்ளதான் செத்துப்பூட்டான், செத்தவன் பேரு யாருக்கு ஒதவப் போவுது" என்றான். பீரோவைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தது நான். என் கை.

காகிதம் மட்டும் போதாதென்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறான். அதனால் ஐந்து மாதம் தினமும் மார்கரெட் தைக்கும்போது எதிரே உட்கார்ந்து இவன் கதை கேட்டான். உங்க ஊர்க் கோயில் எப்படி, உங்க பையனுக்கு என்ன பிடிக்கும், அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தீங்க, எல்லாம். முகாமுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் பிள்ளையைப் பற்றி யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. "உங்கட மகன்தான் அக்கா என்னட்டக் கேட்டவன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பேச்சையும் அப்படியே பிடித்துக்கொண்டான். வீட்டிலேயே பேசிப் பேசிப் பார்ப்பான். நான் சிரித்தேன் அண்ணா. எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் என்று பெருமைகூடப் பட்டேன்.

செத்தவன் உயிரோடு வருவான் என்று யார் கண்டார்கள்? என் வீட்டுக்காரருக்கும் எல்லாம் தெரியும். ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார், வாய் திறப்பதில்லை.

நீ அவனுக்குத் தாய்மாமன். உன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். பொய் சொல்லிக் குடியேறியவன் என்று அவனை ஜெயிலில் போட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளையையும் காப்பாற்று, என் பிள்ளையும் ஜெயிலுக்குப் போகாமல் பார். இரண்டுக்கும் வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவன், சட்டம் செய்கிற இடத்தில் இருக்கிறவன். உன் காலில் விழுகிறேன்.

சகுந்தலா


சதுரங்கப்பட்டினம்
12-5-1997

அண்ணா,

நீ ஊர் திரும்பி இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்று பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போன் செய்தால் உன் உதவியாளர் துரைதான் எடுக்கிறார். "ஐயா மீட்டிங்ல இருக்காருங்க" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்.

நேற்று இனியன் பேசினான். "மாமா நான் வேல செய்யற ஓட்டலுக்கே வந்தாரும்மா. கட்டிப் புடிச்சிகினு அழுதாரு. நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்னுட்டாரு" என்றான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்றைக்குக் காலையில் பின்கட்டில் மெஷின் சத்தம் கேட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தாய்? அதை எழுதவில்லையே. மார்கரெட் தினமும் கேட்கிறாள். "எம்.பி. ஐயா இருக்கிறார்தானே, பயமில்லை" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்கிறாள்.

உடனே எழுது.
சகுந்தலா


புதுடெல்லி
26-5-1997

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்களின் 12-5-1997 தேதியிட்ட கடிதம் ஐயா அவர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்டுள்ள பொருள் குறித்து உரிய இடங்களுக்கு எழுதப்பட்டுள்ளது. ஐயா அவர்கள் சுற்றுப்பயணத்தில் உள்ளபடியால் நேரில் பதில் எழுத இயலவில்லை.

தாங்களும் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க விழைகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
துரை
(உதவியாளர்)

பி.கு.: அக்கா, தபாலை இனிமேல் ஆபீஸ் முகவரிக்குப் போட வேண்டாம் என்று ஐயா சொல்லச் சொன்னார்.


புதுடெல்லி
21-6-1997

சகுந்தலாவுக்கு,

நான் நலமாக இல்லை. கொதிப்பு நூற்றெண்பது. துரையின் கடிதம் உன்னைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்.

நான் சொல்வதை நிதானமாகப் படி. இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு "இவர் உண்மையான அகதி" என்று என் கையெழுத்தில் சான்று போயிருக்கிறது. என் சொந்த மருமகனே போலி என்று நாளைக்குத் தெரிந்தால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் குப்பையில் போடுவார்கள். அதில் கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள், கண் போனவர்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்காக அத்தனை பேரை நான் எப்படித் தள்ளுவேன்? எனக்கு எதிராக எழுதக் காத்திருப்பவர்களைப் பற்றி நான் சொல்லவே இல்லை, அதையும் நீ யோசித்துப் பார்.

மரியநேசனைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நாள் தள்ளச் சொல்லி வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறேன். உண்மையை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

என் பிள்ளை ஜெயிலுக்குப் போகாமல் பார் என்று கேட்டவள் நீதானே? பார்த்துவிட்டேன். இப்போது என்னை ஏன் துளைக்கிறாய்?

படித்ததும் கிழித்துப் போடு.
ஜானகிராமன்


சதுரங்கப்பட்டினம்
17-7-1997

அண்ணா,

மார்கரெட்டுக்குத் தந்தி வந்திருக்கிறது. வரும் புதன்கிழமை விமானத்தில் ஏற்றுகிறார்கள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தபால் உனக்குச் சனிக்கிழமை கிடைக்கும், ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். அதன்பிறகும் நாலு நாள் இருக்கும். வக்கீலம்மாவுக்கு ஒரு போன் போடு. ஒரே ஒரு வார்த்தை: இவன்தான் அசல். இனியன் பெயரைச் சொல்லு, என் பெயரைச் சொல்லு, என்னவாவது சொல்லு. நான் கேட்டது தப்பு. கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவன் ஜெயிலுக்குப் போனால் நான் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது, அவ்வளவு தூரம், ஆனால் உயிரோடு இருப்பான். அந்தப் பிள்ளை இருக்கமாட்டான்.

என்னிடம் அந்த வக்கீலம்மா நம்பர் இல்லை. துரையிடம் கேட்டால் "ஐயாவைக் கேக்கணும்" என்கிறார். மார்கரெட்டிடம் இருக்கும். எந்த முகத்தோடு போய் அவளிடம் கேட்பேன்? நீ போடு அண்ணா. நீ போட்டுவிட்டால் நான் கேட்க வேண்டியதில்லை.

சகுந்தலா


சதுரங்கப்பட்டினம்
4-9-1997

அண்ணாவுக்கு,

புதன்கிழமை வந்தது, போனது. உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. நானும் மார்கரெட்டிடம் நம்பர் கேட்கவில்லை. அந்த ஆறு நாளில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மார்கரெட் பேப்பரோடு வந்தாள். நீ சபையில் பேசியது அரைப் பக்கம் வந்திருக்கிறது. படித்துக் காட்டச் சொன்னாள். கண்ணாடி உடைந்துவிட்டதாம். படித்தேன். "பெற்ற தாய் வைத்த பெயரைக்கூட அவனுடையது இல்லை என்று சொல்லி, ஓர் இளைஞனைச் சாவின் வாசலில் கொண்டுபோய் விட்டார்களே, உலகத்தின் மனசாட்சி எங்கே போயிற்று?" என்று கேட்டிருக்கிறாய். மேசையைத் தட்டினார்களாம். அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். நான் அதையும் சேர்த்துப் படித்தேன்.

மார்கரெட் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் திங்கட்கிழமை ராமேஸ்வரம் போறன் அக்கா. ஒரு வள்ளம் இருக்காம். கொழும்பிலை அவனைப் பிடிச்சு வச்சிருக்கினமாம், ஆரெண்டு தெரியாத ஆள் எண்டு பதிஞ்சிருக்கினமாம். தாய் நேரிலை போய்ச் சொன்னால் நம்புவினம்தானே?"

மன்னார்ப் பக்கம் சண்டை நடக்கிறது. கடலில் யார் சுடுகிறார்கள் என்று சுட்டவனுக்கே தெரியாது. ஆனால் அவள் பஸ் பிடித்து மாமல்லபுரம் போகிற மாதிரிப் பேசினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பீரோ, காகிதம், ஏஜென்ட், ஐந்து மாதம், கரையான், நீ.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கத்தரிக்கோல் பக்கத்தில்தான் இருந்தது. அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "நான் வள்ளம் ஏறின கதை சொல்லேக்கை உங்கட பிள்ளை என்ர மடியிலை தலை வச்சு அழுதவன். அதுவும் பொய்யோ?"

எனக்குத் தெரியவில்லை அண்ணா. பெற்றவள் நான், எனக்கே தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன், வாங்கவில்லை.

நடந்ததையெல்லாம் நானே பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னதால் திங்கட்கிழமை அவள் ராமேஸ்வரம் போகவில்லை. நானும் அவளும் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். ஒரே பஸ், வேறு வேறு சீட். கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவரிடம் பத்திரம் வாங்கிக் கொடுத்து நான் சொல்லச் சொல்ல அடித்தார். பாதியில் கையை எடுத்துவிட்டு, "இன்னாம்மா, பெத்த புள்ள மேலயே எழுதிக் குடுக்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார். உன் பெயர் சொன்னேன், தகப்பன் பெயரோடு, நான் உனக்கு எழுதிய தேதியோடு. அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம எம்.பி.யா?" "என் கூடப்பிறந்த அண்ணன்" என்றேன். கோபக்காரி, ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார். அடித்து முடித்தார். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். நீ கிழித்துப் போடச் சொன்ன கடிதத்தையும் சேர்த்துத் தைத்தேன். என்னால் எதையும் கிழிக்க முடிவதில்லை.

நாலு நகல். ஒன்று சுவிஸ் வக்கீலம்மாவுக்குக் கல்பாக்கத்தில் ஃபேக்ஸ் போட்டாயிற்று. ஒன்று கொழும்புச் செஞ்சிலுவைக்கு. ஒன்று மார்கரெட் கையில். நாலாவது இதோடு இருக்கிறது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அவன் உயிரோடு இருக்கிறானா, இன்னும் தெரியாது. உன் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்ன ஆவார்கள் என்றும் எனக்குத் தெரியாது. அவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவர்களுக்காக நீ நாளைக்கே எழுந்து நின்று, தப்பு என்னுடையது, அவர்களுடையது இல்லை என்று சொல்லலாம். பேசத் தெரிந்தவன் நீ.

இவரிடம் முந்தாநாள் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். வரும்போது, "சரி" என்றார்.

இனியனுக்கு நானே போன் போட்டேன். போலீஸ் வரும், ஓடாதே, கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லு என்றேன். அழுதான். "யம்மா, மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றான்.

கேட்டுக்கொண்டே இருந்ததில்தான் அந்தப் பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

இங்கே யாரும் நலமில்லை. உன் நலத்தை விசாரிக்க இனிமேல் நிறையப் பேர் வருவார்கள். அவர்களிடம் துரையைப் பேசவிடாதே.

சகுந்தலா